கேம்பஸ் கேட் வரைக்கும்தான் நம்ம ட்ரோன்: இறுதியாண்டு ப்ராஜெக்ட் கற்றுக்கொடுத்த வான்வழிச் சட்டம்

போன செமஸ்டர்ல எங்க டீம் ஒரு ஹெக்ஸாகாப்டர் கட்டினோம். மக்காச்சோளத்துக்கு மருந்து அடிக்கிற ட்ரோன். ஆறு மோட்டார், மூணு லிட்டர் டேங்க், நாலு பேர், நாலு மாசத் தூக்கம் காலி. இரண்டாவது ரிவ்யூவுக்கு வந்த எக்ஸ்டர்னல் சார் மோட்டார் பற்றி எதுவுமே கேட்கலை. பிஐடி ட்யூனிங் பற்றியும் கேட்கலை. அவர் கேட்டது மூணே கேள்வி.

"ஆல்-அப் வெயிட் எவ்வளவு?"

"ஆறு கிலோ சார்."

"எவ்வளவு உயரம் வரைக்கும் பறக்க விடலாம்?"

"நானூறு அடி சார்."

"யார்கிட்ட சர்டிஃபிகேட் இருக்கு?"

நாங்க நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லைங்கிறது எங்களுக்கே தெரியும். முதல் இரண்டு பதிலும் தப்புன்னு அப்புறம்தான் தெரிஞ்சது.

அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல உட்கார்ந்து ட்ரோன் விதிகள் 2021-ஐ முதல் பக்கத்திலிருந்து படிச்சேன். படிச்சதில் நம்ம மாதிரி மாணவர்களுக்குத் தேவையானதை மட்டும் இங்கே எழுதறேன். ஜூனியர்ஸ் யாராவது அடுத்த வருஷம் ட்ரோன் ப்ராஜெக்ட் எடுக்கப் போறீங்கன்னா, ஃப்ரேம் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

கொஞ்சம் பழைய கதை

2014 அக்டோபரில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, ஒரு பொது அறிவிப்பு போட்டு சிவிலியன் ட்ரோன்களுக்குத் தடை சொன்னது. பிறகு 2018-ல் ஒரு விதித்தொகுப்பு வந்தது. 2021 மார்ச்சில் இன்னொன்று. அது ரொம்பக் கடுமையா இருக்குன்னு எல்லாரும் புலம்ப, அதே வருஷம் ஆகஸ்ட் 25-ம் தேதி அதைத் தூக்கிட்டு ட்ரோன் விதிகள் 2021 வந்தது. இன்னைக்கும் நடைமுறையில் இருக்கிறது இதுதான். நடுவில் 2022-லும் 2023-லும் சில திருத்தங்கள் வந்திருக்கு.

புது விதிகள் எவ்வளவு எளிமைன்னா, 25 படிவங்கள் 5 ஆகக் குறைஞ்சது. 72 வகைக் கட்டணங்கள் 4 ஆகக் குறைஞ்சது. அதனாலதானோ என்னவோ, "இப்போ எல்லாம் ஃப்ரீ, யார் வேணா பறக்க விடலாம்"னு ஒரு நினைப்பு நம்ம பசங்க மத்தியில் பரவிக் கிடக்கு. எளிமையாச்சு, உண்மை. ஆனா சட்டம் மூணு விஷயத்தைத் தனித்தனியா கேட்கும். இயந்திரம் எது? ஓட்டுறது யார்? பறக்கிறது எங்கே? ஒன்றுக்குப் பதில் சரியா இருந்தா மற்ற இரண்டும் தானா சரியாயிடாது. எக்ஸ்டர்னல் சார் கேட்ட மூணு கேள்வியும் இதேதான்.

முதல் கேள்வி: இயந்திரம் எது?

விதிகள் ட்ரோன்களை எடை வைத்து ஐந்தாகப் பிரிக்குது.

நானோ: 250 கிராம் வரை.
மைக்ரோ: 250 கிராமுக்கு மேல், 2 கிலோ வரை.
ஸ்மால்: 2 கிலோவுக்கு மேல், 25 கிலோ வரை.
மீடியம்: 25 கிலோவுக்கு மேல், 150 கிலோ வரை.
லார்ஜ்: 150 கிலோவுக்கு மேல்.

இதில் எல்லாரும் சறுக்குற இடம் ஒன்று இருக்கு. எடைன்னா வெறும் ஃப்ரேமின் எடை கிடையாது. பேலோடு உட்பட, தரையை விட்டு மேலே எழும்பும்போது இருக்கிற அதிகபட்ச மொத்த எடை. எங்க ட்ரோன் வெறுமனே ஆறு கிலோ. 6எஸ் 16,000 எம்ஏஹெச் பேட்டரி ஏறக்குறைய இரண்டு கிலோ. டேங்க்ல மூணு லிட்டர் தண்ணி மூணு கிலோ. கூட்டினா பதினொன்று. நாங்க ரிவ்யூவில் சொன்ன பதில் கிட்டத்தட்ட பாதிதான்.

எங்களுக்கு ஆறா இருந்தாலும் பதினொன்றா இருந்தாலும் ஸ்மால்தான், அதனால் வகை மாறலை. ஆனா 1.8 கிலோவுக்கு ஒரு குவாட் கட்டி, மேலே ஒரு கேமராவும் கிம்பலும் மாட்டி 2.1 கிலோ ஆக்கினீங்கன்னா மைக்ரோவிலிருந்து ஸ்மாலுக்குத் தாவிட்டீங்க. 249 கிராம்னு பெட்டியில் போட்டிருக்கிற ட்ரோனுக்கு ப்ரொப்பெல்லர் கார்டு மாட்டினாலும் இதே கதைதான்.

ஏன் எடையை இவ்வளவு பிடிச்சுத் தொங்குறாங்க? நமக்குத் தெரிஞ்ச கணக்கையே போட்டுப் பார்க்கலாம். 120 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் விழுந்தா, காற்றுத் தடையை விட்டுட்டுப் பார்த்தா, தரையைத் தொடும்போது அதன் ஆற்றல் எம்ஜிஹெச். 250 கிராம் நானோவுக்கு 294 ஜூல். 2 கிலோ மைக்ரோவுக்கு 2,354 ஜூல். எங்க பதினொரு கிலோவுக்கு 12,949 ஜூல். 160 கிராம் கிரிக்கெட் பந்து மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வந்தா அதன் ஆற்றல் 121 ஜூல்தான். ஹெல்மெட் இல்லாம அந்த ஒரு பந்தை யாரும் வாங்கிக்க மாட்டோம். எங்க ட்ரோன் விழுந்தா அந்த மாதிரி நூறு பந்துக்கு மேல ஒரே இடத்தில். காற்றுத் தடை கொஞ்சம் குறைக்கும், ஆனா மனசை ஆற்றிக்கிற அளவுக்குக் குறைக்காது. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு நான் ஹாஸ்டல் பின்னாடி கிரவுண்டில் பசங்க தலைக்கு மேல ட்ரோன் ஓட்டறதை நிறுத்திட்டேன்.

சரி, எடை தெரிஞ்சாச்சு. அடுத்து இயந்திரத்துக்கு இரண்டு காகிதம் வேணும்.

ஒன்று டைப் சர்டிஃபிகேட். ஒரு மாடல் பைக் ரோட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி அந்த மாடலைச் சோதிச்சு அனுமதி கொடுக்கிற மாதிரி, ஒரு ட்ரோன் மாடலுக்குக் கொடுக்கிற சான்று இது. இதைத் தயாரிப்பாளர் வாங்கணும். வாங்கி ஓட்டுறவங்க கவலைப்பட வேண்டியது, "இந்த மாடலுக்கு டைப் சர்டிஃபிகேட் இருக்கா?"ன்னு கேட்கறது மட்டும்தான். நானோ ட்ரோனுக்கு இது தேவையில்லை. 'மாடல்' வகைக்கும் தேவையில்லை. மாடல்னா 25 கிலோவுக்கு மிகாம, படிப்பு, ஆராய்ச்சி, வடிவமைப்புச் சோதனை, பொழுதுபோக்கு இவற்றுக்கு மட்டும், கண் பார்வைக்குள்ளேயே ஓட்டற ட்ரோன்.

இரண்டாவது யூஐஎன், தனித்த அடையாள எண். பைக்குக்கு நம்பர் பிளேட் மாதிரி. கட்டணம் 100 ரூபாய்தான். விதிவிலக்கு இல்லாத எந்த ட்ரோனும் இந்த எண் இல்லாமல் பறக்கக் கூடாது. ட்ரோனை விற்றாலும் கைமாற்றினாலும், இல்லை உடைஞ்சு தூக்கிப் போட்டாலும் அதையும் பதிவு செய்யணும்.

இதோடு மூன்றாம் நபர் காப்பீடும் சேர்த்துக்கோங்க. நானோவைத் தவிர மற்றவைக்கு இது கட்டாயம். மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிற அதே ஏற்பாட்டைத்தான் இங்கேயும் எடுத்து வெச்சிருக்காங்க.

வெளிநாட்டில் இருக்கிற சித்தப்பாகிட்ட சொல்லி ட்ரோன் வாங்கிட்டு வரச் சொல்ற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை இருக்கு. முழுசா வந்தாலும் சரி, பிரிச்சு வந்தாலும் சரி. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற தேவைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு, அதற்கும் அனுமதி வாங்கணும். மோட்டார், இஎஸ்சி, ஃப்ளைட் கன்ட்ரோலர் போன்ற உதிரிப் பாகங்களுக்குத் தடை இல்லை.

இரண்டாவது கேள்வி: ஓட்டுறது யார்?

ஓட்டுறவருக்குக் கொடுக்கிற சான்றுக்குப் பெயர் ரிமோட் பைலட் சர்டிஃபிகேட். முதலில் லைசென்ஸ்னுதான் இருந்தது. 2022 பிப்ரவரித் திருத்தத்தில் சர்டிஃபிகேட் ஆக்கினாங்க. பேர் மட்டும் மாறலை. டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனமே, பயிற்சியும் தேர்வும் முடிச்சவங்களுக்கு இதைக் கொடுக்கலாம்னு ஆச்சு.

யாரெல்லாம் வாங்கலாம்? வயது 18 முதல் 65 வரை. பத்தாம் வகுப்பு பாஸ். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் பயிற்சி முடிச்சிருக்கணும். அவ்வளவுதான். பி.இ. தேவையில்லை! முன்னாடி பாஸ்போர்ட் கட்டாயமா இருந்தது. கிராமத்துப் பசங்க நிறைய பேருக்கு அது ஒரு தடை. 2023 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, டிரைவிங் லைசென்ஸ் மாதிரி அரசு அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் இருந்தா போதும். சான்று 10 வருஷம் செல்லும்.

சான்றுக்கு அரசு வாங்கற கட்டணம் 100 ரூபாய். பயிற்சிக் கட்டணம் தனி. நான் விசாரிச்ச இடங்களில் எல்லாம் முப்பதாயிரத்துக்கு மேலதான் சொன்னாங்க. ஒரு செமஸ்டர் மெஸ் பில்லைத் தாண்டிய தொகை. கட்டறதுக்கு முன்னாடி, அந்த நிறுவனம் உண்மையிலேயே டிஜிசிஏ பட்டியலில் இருக்கான்னு பாருங்க. இருந்தா, எந்த வகைக்கும் எடைக்கும் பயிற்சி தர்றாங்கன்னும் பாருங்க. ரோட்டர் ட்ரோனுக்கு வாங்கின சான்றை வைத்து இறக்கை வைத்த விமானம் மாதிரி ட்ரோனை ஓட்ட முடியாது. "ட்ரோன் பைலட் கோர்ஸ், 100% சர்டிஃபிகேட்"னு போஸ்டர் ஒட்டறவங்க எல்லாரும் இந்தச் சான்றைக் கொடுக்கற அதிகாரம் உள்ளவங்க இல்லை. சிலர் கொடுக்கறது அவங்களே பிரிண்ட் போட்ட பங்கேற்புச் சான்றிதழ்தான்.

சான்று யாருக்குத் தேவையில்லை? இரண்டே பேர். நானோ ஓட்டறவங்க. அப்புறம், 2 கிலோவுக்குள் இருக்கிற ட்ரோனை வணிக நோக்கம் இல்லாம ஓட்டறவங்க.

இந்த "வணிக நோக்கம் இல்லாம" என்கிற மூணு சொல்லில்தான் நம்ம காலேஜ் பசங்க பாதிப் பேர் மாட்டுவாங்க. எங்க டிபார்ட்மெண்ட் ஜூனியர் ஒருத்தன் சனி, ஞாயிறுல கல்யாண வீட்டுக்கு ட்ரோன் ஷாட் எடுக்கப் போவான். ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம். ட்ரோன் ஒரு கிலோகூட இருக்காது. அதே ட்ரோனை அவன் அக்கா கல்யாணத்துக்குச் சும்மா எடுத்தா பைலட் சர்டிஃபிகேட் வேண்டாம். காசு வாங்கிட்டு பக்கத்துத் தெரு கல்யாணத்துக்கு எடுத்தா வேணும். ட்ரோன் அதேதான், ஆளும் அதே ஆள்தான். கை மாறின மூவாயிரம்தான் வித்தியாசம். இதைச் சொன்னப்போ, "அண்ணா, அப்போ பிரியாணி மட்டும் சாப்பிட்டா?"ன்னு கேட்டான். விதிகள் பிரியாணியைப் பற்றி எதுவும் சொல்லலைன்னு சொல்லி அனுப்பினேன்.

மூன்றாவது கேள்வி: பறக்கிறது எங்கே?

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. இந்தியா முழுக்க வானத்தை மூணு நிறத்தில் பிரிச்சு டிஜிட்டல் ஸ்கை தளத்தில் வரைபடமா போட்டிருக்காங்க.

பச்சை: அனுமதி கேட்கத் தேவையில்லை. உயரம் 120 மீட்டர், அதாவது 400 அடி வரை.

மஞ்சள்: அந்தப் பகுதி விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் அனுமதி வேணும்.

சிவப்பு: மத்திய அரசின் அனுமதி இல்லாம தொடவே கூடாது.

இதை டிராஃபிக் சிக்னல் மாதிரி தரையில் மட்டும் யோசிக்கக் கூடாது. உயரமும் சேர்ந்ததுதான் மண்டலம். பச்சை நிறத்தில் நின்னுக்கிட்டு 120 மீட்டருக்கு மேலே போனா, அங்கே மஞ்சள் ஆரம்பிக்குது. விமான நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தூரத்தில் பச்சையின் கூரை இன்னும் தாழ்வு: 60 மீட்டர், 200 அடிதான். 5 முதல் 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே மஞ்சள். அதற்கும் உள்ளே போனா பெரும்பாலும் சிவப்பு.

இப்போ எங்க இரண்டாவது தப்புக்கு வர்றேன். எங்க கேம்பஸ் கோயம்புத்தூர் விமான நிலையத்திலிருந்து பத்து கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கு. ஆக எங்களுக்கு 400 அடி கிடையாது, 200 அடிதான். ஆனா எங்க ஃப்ளைட் கன்ட்ரோலரில் ஆர்டுபைலட் போட்டிருந்தோம். அதில் உயர வேலி டீஃபால்ட்டா 100 மீட்டர். நாங்க அதைத் தொடவே இல்லை. "வேலி இருக்கே, சேஃப்"னு நினைச்சோம். அந்த வேலி எங்க வானத்துக் கூரைக்கு 40 மீட்டர் மேலே இருந்திருக்கு! சாஃப்ட்வேருக்கு விமான நிலையம் எங்கே இருக்குன்னு தெரியாது. அது நாமதான் சொல்லணும். அன்னைக்கு ராத்திரியே அதை 50 மீட்டர்னு மாற்றினோம்.

விமான நிலையத்தைச் சுற்றி ஏன் இப்படி படிப்படியா வெச்சிருக்காங்க? விதியில் காரணம் எழுதியிருக்காது. நானே ஒரு கணக்குப் போட்டுப் புரிஞ்சுக்கிட்டேன். தரையிறங்கும் விமானம் வழக்கமா 3 டிகிரி சாய்வில் வரும். தொடுபுள்ளியிலிருந்து 10 கிலோமீட்டரில் அதன் உயரம் 524 மீட்டர். 5 கிலோமீட்டரில் 262 மீட்டர். 2 கிலோமீட்டரில் 105 மீட்டர்தான். அதாவது அங்கே 120 மீட்டரில் ஒரு ட்ரோன் நின்னா, விமானம் அதற்குக் கீழே வரும். தூரத்தில் பார்த்தா 524 மீட்டருக்கும் 60 மீட்டருக்கும் நிறைய இடைவெளி இருக்கிற மாதிரி தெரியும். ஆனா எல்லா விமானமும் நேர்கோட்டில் வராது. ஹெலிகாப்டர் தாழ்வா வரும். நம்ம பாரோமீட்டரும் நூற்றுக்கு நூறு உண்மை சொல்லாது. இந்த இடைவெளி எல்லாம் அதுக்குத்தான்.

இன்னொரு விஷயம். மண்டலம் நிரந்தரம் இல்லை. மாநில அரசோ போலீஸோ ஒரு இடத்தைத் தற்காலிகச் சிவப்பு மண்டலம்னு அறிவிக்கலாம். எஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி அறிவிக்கணும். ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை. அதனால் நேற்று பச்சையா இருந்த திருவிழா மைதானம் இன்னைக்கு முக்கியப் பிரமுகர் வர்றதால சிவப்பா இருக்கலாம். ஒவ்வொரு தடவை பறக்கறதுக்கு முன்னாடியும் வரைபடத்தைப் பார்க்கிறது ஓட்டுறவரோட கடமைன்னே விதி சொல்லுது. "எனக்குத் தெரியாது சார்" செல்லாது.

நமக்கு ஒரு கதவு திறந்திருக்கு: விதி 42

இவ்வளவும் படிச்சு மனசு உடைஞ்சு போயிருந்தேன். டைப் சர்டிஃபிகேட், யூஐஎன், பைலட் சர்டிஃபிகேட். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு இதெல்லாம் எங்கே போறது? அப்போதான் விதி 42 கண்ணில் பட்டது.

ஆராய்ச்சி, உருவாக்கம், சோதனைக்காக ஓட்டும்போது டைப் சர்டிஃபிகேட், யூஐஎன், முன் அனுமதி, பைலட் சர்டிஃபிகேட் எதுவுமே தேவையில்லாதவங்க பட்டியல் அதில் இருக்கு. மத்திய, மாநில அரசு ஆராய்ச்சி அமைப்புகள், அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்கள், ஜிஎஸ்டி எண் உள்ள ட்ரோன் தயாரிப்பாளர்கள் இவங்களோடு, அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களும்! நம்ம மாதிரி காலேஜ் எல்லாம் இதில் வரும். சந்தோஷத்தில் ரூம்மேட்டை எழுப்பிட்டேன்.

ஆனா அதே விதியின் அடுத்த வரி இரண்டு நிபந்தனை போடுது. பறக்கிற இடம் பச்சை மண்டலமா இருக்கணும். அந்த நிறுவனத்தின் வளாகத்துக்குள்ளேயோ, அதன் கட்டுப்பாட்டில் இருக்கிற திறந்தவெளியிலேயோ இருக்கணும்.

இதைக் கொஞ்சம் நிதானமா யோசிங்க. விலக்கு நமக்குக் கிடையாது, காலேஜுக்குத்தான். அதுவும் காலேஜ் நிலத்தில், அதற்கு மேலே இருக்கிற பச்சை வானத்தில் மட்டும். அவிநாசி ரோடு பக்கம் விமான நிலையத்துக்கு ஒட்டி எத்தனை இன்ஜினியரிங் காலேஜ் இருக்குன்னு நமக்குத் தெரியும். மஞ்சளிலோ சிவப்பிலோ விழற கேம்பஸுக்கு இந்தக் கதவு சும்மா திறக்காது. எங்களுக்கு 60 மீட்டர் கூரையோட திறந்தது. மருந்து அடிக்க மூணு மீட்டர் உயரமே போதும். ஆக ப்ராஜெக்ட் தப்பிச்சது.

பெரியப்பா காடு

ஆனா கதை அங்கே முடியலை. இந்த ட்ரோனைக் கட்டினதே எங்க பெரியப்பாவை நினைச்சுத்தான். உடுமலைப்பேட்டை பக்கம் அவருக்கு மக்காச்சோளக் காடு. படைப்புழு வந்தா ஆள் உயரத்துக்கு வளர்ந்த பயிருக்குள்ள கைத்தெளிப்பானோட நுழையணும். அடிக்கிற மருந்தில் பாதி அடிக்கிறவர் மேலேயே விழும். ட்ரோன் பறக்குதுன்னு ஃபோனில் சொன்னதும் அவர் கேட்ட முதல் வார்த்தை, "எப்பக் கண்ணு கொண்டாறே? நம்ம காட்டுக்குத்தான மொதல்ல அடிக்கோணும்?"

நான் "அடுத்த வாரம்"னு சொல்லிட்டேன். விதி 42 படிச்சது அதற்கு அப்புறம்.

அவர் காடு பச்சை மண்டலம்தான், வரைபடத்தில் பார்த்தேன். இடம் சரி. ஆனா அது காலேஜ் வளாகம் இல்லை. காலேஜோட கட்டுப்பாட்டில் இருக்கிற நிலமும் இல்லை. கேட்டைத் தாண்டின நொடியே விலக்கு போயிடும். நாங்க மறுபடியும் சாதாரண ஆட்கள். பதினொரு கிலோ ஸ்மால் ட்ரோன், ஆகவே பைலட் சர்டிஃபிகேட் வேணும். விவசாயிக்காக மருந்து அடிக்கறதைப் 'படிப்பு'ன்னு சொல்லி மாடல் வகையில் நுழைய முடியாது, ஆகவே டைப் சர்டிஃபிகேட் வேணும். யூஐஎன் வேணும், காப்பீடு வேணும். பூச்சிமருந்து தெளிக்கறதுக்கு வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வெளியிட்ட தனி நடைமுறை வழிகாட்டியும் இருக்கு. ஒன்றுகூட எங்ககிட்ட இல்லை.

டீமில் ஒருத்தன், "யாருக்குடா தெரியப் போகுது, காட்டுக்குள்ளதானே"ன்னான். உண்மைதான், யாரும் பார்க்க மாட்டாங்க. அபராதம் ஒரு லட்சம் வரை போகலாம்ங்கிறது எனக்குப் பெரிய பயமா இல்லை. பயந்தது வேற ஒன்றுக்கு. கேம்பஸில் எங்க ட்ரோன் இரண்டு தடவை விழுந்திருக்கு. ஒரு தடவை இஎஸ்சி கருகி, இன்னொரு தடவை காரணமே தெரியாம. இரண்டாவது தடவை விழுந்த இடத்தில் புல் பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பெயர்ந்திருந்தது. பெரியப்பா காட்டு வரப்பில் எப்பவும் நாலு பேர் வேடிக்கை பார்ப்பாங்க. டைப் சர்டிஃபிகேட்னா என்ன? "இது ஏன் விழுந்ததுன்னு தெரியலை"ன்னு சொல்ற நிலைமையில் இருக்கிற இயந்திரத்தை, அடுத்தவங்க தலைக்கு மேல அனுப்பாம நிறுத்துற ஒரு கதவு. எங்க இயந்திரம் அந்த நிலைமையில்தான் இருந்தது. அதை எங்களைத் தவிர வேற யாருக்கும் தெரியாது.

ஃபோன் பண்ணி உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "செரி உடு. நாங்க அங்க வந்து பாத்துக்கறோம்"னார். டெமோ அன்னைக்கு பெரியப்பாவும் பெரியம்மாவும் பஸ் ஏறி காலேஜுக்கு வந்தாங்க. ஹாஸ்டல் பின்னாடி கிரவுண்டில் கயிறு கட்டி ஆட்களை நிறுத்திட்டு, வெறும் தண்ணியைத் தெளிச்சுக் காட்டினோம். பெரியப்பா கீழே குனிஞ்சு புல்லைத் தடவிப் பார்த்துட்டு, "எலைக்கு அடியில படமாட்டேங்குதே. புழு குருத்துக்குள்ளயும் எலைக்கு அடியிலயும்தான இருக்கும்?"னு கேட்டார். எக்ஸ்டர்னல் சார் கேட்காத நாலாவது கேள்வி. நாசில் கோணத்தையும் துளி அளவையும் மாற்றி இன்னும் அதைத்தான் சரி பண்ணிட்டிருக்கோம்.

ஜூனியர்ஸுக்கு, கிழிச்சு ஒட்டி வெச்சுக்க

1. டாபிக் முடிவு பண்றதுக்கு முன்னாடி கேம்பஸ் எந்த மண்டலம்னு டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பாருங்க. பச்சைன்னா கூரை 120 மீட்டரா 60 மீட்டரான்னு பாருங்க.

2. பேட்டரி, பேலோடு எல்லாம் மாட்டித் தராசில் வைத்து எடை போடுங்க. அந்த எண்ணைத்தான் ரிப்போர்ட்டில் எழுதணும்.

3. ஃப்ளைட் கன்ட்ரோலரின் உயர வேலியை உங்க கூரைக்குக் கீழே வையுங்க. டீஃபால்ட்டை நம்பாதீங்க.

4. விதி 42 விலக்கில் பறக்கறீங்கன்னா ஹெச்ஓடிக்குத் தெரிஞ்சு, கைடு முன்னிலையில் பறங்க. விலக்கு காலேஜுடையது. காலேஜுக்கே தெரியாம அதைப் பயன்படுத்தறது சரியில்லை.

5. வேற காலேஜ் சிம்போசியத்துக்கு ட்ரோனைத் தூக்கிட்டுப் போறீங்கன்னா, அங்கே எந்த மண்டலம், யார் பொறுப்பில் பறக்கப் போகுதுன்னு முதலில் கேளுங்க. நம்ம காலேஜின் விலக்கு நம்ம கூட பஸ் ஏறி வராது.

6. காசுக்கு ஒரு ஷாட் எடுத்தாலும் அது வணிகம். நானோ இல்லைன்னா பைலட் சர்டிஃபிகேட் வேணும்.

7. விதிவிலக்கில் இல்லாத ட்ரோன் விபத்துக்குள்ளானா 48 மணி நேரத்துக்குள் தளத்தில் தெரிவிக்கணும். கேம்பஸுக்குள் விழுந்தாலும் ஒரு நோட்டில் எழுதி வையுங்க. எங்க இரண்டாவது விபத்துக்குக் காரணம் தெரியாததுக்குக் காரணமே, முதல் விபத்துக்குப் பிறகு லாக் சேமிக்கிற பழக்கத்தை விட்டதுதான்.

சட்டம் மாறிக்கிட்டே இருக்குங்கிறதையும் மறக்காதீங்க. சிவில் ட்ரோன்களுக்குன்னே தனிச் சட்டம் கொண்டுவர ஒரு மசோதாவின் வரைவை 2025 செப்டம்பரில் மத்திய அரசு கருத்துக் கேட்க வெளியிட்டது. அதனால் இந்தக் கட்டுரையை அடுத்த வருஷம் படிக்கிறவங்க, நான் சொன்ன எண்களை ஒரு தடவை புதுசா சரிபார்த்துக்கோங்க. மூணு கேள்வி மட்டும் மாறாதுன்னு நினைக்கிறேன். இயந்திரம் எது, ஓட்டுறது யார், பறக்கிறது எங்கே.

எங்க டீமில் "யாருக்குத் தெரியப் போகுது"ன்னு சொன்னவன்தான் இப்போ பைலட் சர்டிஃபிகேட் பயிற்சிக்குப் பணம் சேர்த்துட்டிருக்கான். சான்று கையில் வந்ததும் டைப் சர்டிஃபிகேட் உள்ள ஒரு ட்ரோனை வாடகைக்கு எடுத்து உடுமலைக்குப் போறதா திட்டம். பெரியப்பா ஒவ்வொரு வாரமும் ஃபோன் பண்ணி அவன்கிட்ட மட்டும் விசாரிக்கிறார், "தம்பி, பாஸ் ஆயிட்டியா?"